தேகப் பயிற்சியும் மரத்துப்போகும் கைகால்களும்

உடலை வளைத்தும் நீட்டியும் செய்யும் பயிற்சிகளில் இறங்குகிறவர்களுக்கு, அது யோகாசனமாயினும் சரி, விளையாட்டு மைதானத்தில் ஓட்டத்துக்கு முன் செய்கிற தசை நீட்டலாயினும் சரி, தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே இரண்டு விதமான உணர்ச்சிகள் பரிச்சயமாகிவிடுகின்றன. ஒன்று, தசை இழுபடுவதால் தொடையிலோ தோளிலோ உண்டாகும் வலி. மற்றொன்று, கை விரல்களிலோ பாதத்திலோ எறும்பு ஊர்வது போலத் தொடங்கி, மதமதவென்று மேலே பரவி, கடைசியில் அந்த அவயவம் நம்முடையதுதானா என்று சந்தேகம் தோன்றும்படி மரத்துப்போகிற நிலை. இவ்விரண்டையும் ஒன்றாகவே பாவித்து, "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால் பழகிவிடும்" என்று சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். தசை வலியைப் பொறுத்தவரை அந்த உபதேசத்தில் ஓரளவு நியாயம் உண்டு. மரத்துப்போதலைப் பொறுத்தவரை அது முற்றிலும் தவறு. சில சந்தர்ப்பங்களில் ஆயுள் முழுவதும் வருந்தச் செய்கிற தவறு. பயிற்சியின் நன்மையில் நம்பிக்கை உள்ளவர்கள்தாம் இந்த வித்தியாசத்தை மற்ற எவரையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தசை, சுருங்குவதற்கும் நீள்வதற்குமென்றே அமைந்த பொருள். அதை நிதானமாக இழுத்து, கால் நிமிஷமோ அரை நிமிஷமோ அந்த நிலையிலேயே வைத்திருந்தால், அது மெல்ல மெல்ல இசைந்து கொடுக்கிறது. நரம்போ செய்தி கொண்டு செல்வதற்காக ஏற்பட்டது. கீழ்முதுகில் முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கும் ஓர் உயிரணுவினின்று புறப்பட்டு, இடுப்பு, தொடை, முழங்கால், கெண்டைக்கால் ஆகிய அத்தனை இடங்களையும் கடந்து, கால் கட்டைவிரலின் நுனிவரை இடையறாமல் ஓடுகிற ஒற்றை இழையின் நீளம் வளர்ந்த மனிதரிடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்கும். இத்தனை நீளமும் உயிரோடிருக்க வேண்டிய பிராணவாயுவை, நரம்பின் உறைமீது படர்ந்தும் உள்ளே புகுந்தும் செல்கிற, மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்களே வழிநெடுகக் கொடுத்துவருகின்றன. நரம்பை இழுத்தால் அந்தக் குழாய்களும் இழுபட்டு ஒடுங்குகின்றன. 1973-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்களான லுண்ட்போர்க், ரிடெவிக் என்னும் இருவர் முயலின் கால் நரம்பை இழுத்துப் பார்த்தபோது, அதன் இயல்பான நீளத்தில் 8 சதவீதம் கூடியவுடனேயே அந்தச் சிறு குழாய்களிலிருந்து இரத்தம் வெளியேறுவது தடைப்படத் தொடங்கியதையும், 15 சதவீதத்தை எட்டியபோது ஓட்டம் அடியோடு நின்றுபோனதையும் கண்டார்கள்.

காலோ கையோ மரத்துப்போனால், அந்த அவயவத்துக்கே இரத்தம் போகாமல் நின்றுவிட்டதென்று நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மை அதைவிடச் சற்று நுட்பமானது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற இருதய வைத்தியரான சர் தாமஸ் லூயிஸ் 1931-ஆம் ஆண்டில் தம் சகாக்களுடன் செய்த பரிசோதனை ஒன்று இதைத் தெளிவாக்கியது. இரத்த அழுத்தம் பார்க்கும்போது புஜத்தில் சுற்றுகிற பட்டையைப் போன்ற ஒன்றைச் சுற்றிக் காற்றடைத்து, கைக்குள் இரத்தம் புகாமல் செய்து காத்திருந்தால், கால் மணி நேர அளவில் விரல் நுனிகளில் ஸ்பரிச உணர்வு மங்கத் தொடங்கி, அங்கிருந்து மேல்நோக்கி ஏறிவருகிறது. இந்த நிலையில் முதல் பட்டைக்குக் கீழே இன்னொரு பட்டையைச் சுற்றி இறுக்கிவிட்டு மேலே இருப்பதைத் தளர்த்தினால், கையில் இரத்தம் இன்னும் வராமல் இருக்கும்போதே உணர்வு திரும்பி வருகிறது. விரல்களுக்கு இரத்தம் இல்லாமையால் அவை மரக்கவில்லை, பட்டையின் கீழ் அழுந்திக் கிடந்த நரம்பின் அந்தச் சிறு பகுதி பட்டினி கிடந்ததால்தான் மரத்தன என்பது இதனால் விளங்கிற்று. கோளாறு ஓரிடத்தில் இருக்க, உணர்ச்சி வேறோரிடத்தில் தோன்றுவது நரம்புக்கே உரிய சுபாவம். பயிற்சி செய்கிறவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய முதல் சங்கதியும் இதுவே.

அழுத்தம் நீங்கிய பிறகு ஊசி ஊசியாகக் குத்துவதற்கும் காரணம் உண்டு. சோடியம், பொட்டாசியம் ஆகிய இரண்டையும் உள்ளும் புறமுமாக இடைவிடாமல் மாற்றிவைத்துக்கொண்டிருக்கும் ஒரு நுண்ணிய ஏற்பாடு நரம்பிழையின் சுவரில் உண்டு. பிராணவாயு குறைந்தால் அது தடுமாறுகிறது; இரத்தம் மீண்டும் பாயும்போது உடனே சமநிலைக்கு வராமல், வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் இல்லாதிருக்கையிலேயே இழைகள் தாமாகத் துடிக்கின்றன. 1980-ஆம் ஆண்டில் ஓச்சோவா, டொரெப்யோர்க் என்னும் ஆராய்ச்சியாளர்கள் மனிதர்களின் நரம்புக்குள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி இந்தத் துடிப்புகளையே பதிவு செய்தார்கள். மேலும், முதலில் செயலிழப்பவை ஸ்பரிசத்தையும் மூட்டுகளின் இருப்பு நிலையையும் அறிவிக்கிற தடித்த இழைகள். வலியை அறிவிக்கிற மெல்லிய இழைகள் கடைசியில்தான் ஓய்கின்றன. மரத்துப்போன காலோடு சட்டென்று எழுந்து நிற்கிறவர் கணுக்கால் மடங்கி விழுவது இதனால்தான். தரை எங்கே இருக்கிறது, பாதம் எப்படித் திரும்பியிருக்கிறது என்ற செய்தி அப்போது அவருக்கு வந்துசேரவில்லை. உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றி, கட்டைவிரலை ஆட்டி, உணர்வு திரும்பிய பின்னரே எழ வேண்டும் என்று வயதானவர்களுக்கு அவசியம் சொல்லிவைக்க வேண்டும்.

நரம்பு இவ்வளவு மென்மையானதென்றால் நாம் கைகால்களை அசைப்பதே எப்படிச் சாத்தியமாகிறது என்று கேட்கலாம். முழுவதும் மடக்கிய கையை முழுவதும் நீட்டி மணிக்கட்டையும் பின்னால் வளைக்கும்போது, கையின் நடு நரம்பு செல்லும் பாதை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீண்டுவிடுகிறது. முதுகை நன்றாகக் குனிக்கும்போது முதுகெலும்பினுள் தண்டுவடம் செல்லும் குழல், பின்னுக்கு வளைந்திருந்த நிலையைக் காட்டிலும் 5 முதல் 9 சென்டிமீட்டர்வரை நீளுகிறது. இவ்வளவையும் நரம்பு தன்னை இழுத்துக்கொண்டு சமாளிப்பதில்லை. மிதிவண்டியின் பிரேக் கம்பி தன் உறைக்குள் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்வதைப் போல, நரம்பும் தசைகளின் நடுவிலும் எலும்புப் பள்ளங்களிலும் வழுக்கிச் செல்கிறது. ஓரிடத்தில் அது அழுந்தியோ, வீங்கியோ, ஒட்டிக்கொண்டோ வழுக்க முடியாமற்போனால், மற்ற இடங்களின் இழுப்பெல்லாம் நரம்பின்மீதே வந்து விழுகிறது. மதமதப்பு அங்கேதான் பிறக்கிறது.

இதை அனுபவத்தில் கண்டறியப் பச்சிமோத்தானாசனம் மிகவும் உகந்தது. கால்களை நீட்டி அமர்ந்து, முன்னால் குனிந்து பாதங்களைத் தொட முயலும்போது, தொடையின் பின்புறத்தில் தடித்த ஒரு பரப்பு முழுவதும் மந்தமாக வலித்தால் அது தசையின் இழுப்பு. அவ்வாறன்றி, முழங்காலின் பின்பள்ளத்தில் சுரீரென்று ஒரு கோடு போல இழுத்து, கெண்டைக்கால் வழியாகப் பாதத்துக்கு மதமதப்பு இறங்கினால் சந்தேகிக்க வேண்டும். அப்போது இடுப்பையும் முழங்காலையும் சிறிதும் அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்திப் பார்ப்பது ஒரு நல்ல பரீட்சை. தொடையின் பின்தசை இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகிறது. தலைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனால் மூளையும் தண்டுவடமும் அதிலிருந்து கிளைக்கும் நரம்புகளும் ஒரே தொடர்ச்சி. தலையை நிமிர்த்தியவுடன் காலில் இருந்த இழுப்புக் குறைகிறதென்றால், இழுபட்டுக்கொண்டிருந்தது பெரும்பாலும் நரம்பே என்று கொள்ளலாம். கால் நுனியை முகத்தை நோக்கி வளைத்தால் இழுப்புக் கூடுவதும் இதற்குத் துணையான சாட்சி.

இந்தத் தத்துவத்தை வைத்தியர்கள் அறிந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலை மேலே தூக்கிப் பார்க்கிற சோதனையை இன்றும் பிரெஞ்சு வைத்தியர் லசேக்கின் பெயராலேயே அழைக்கிறார்கள். அவருடைய மாணவர் அதை 1881-இல் எழுதி வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே செர்பியா தேசத்து வைத்தியரும் சிறுகதையாசிரியருமான லாசர் லாசரெவிச் அதே சோதனையை வருணித்திருந்தார். கால் 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில் எழும்பும்போது முழங்காலுக்குக் கீழே வரை வலி பாய்ந்தால், கீழ்முதுகில் எலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறதோ என்று அவர்கள் ஐயுறுகிறார்கள்.

பயிற்சிக் கூடங்களில் அதிகமாக நிகழ்கிற துன்பமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வட்டு பிதுங்கிய ஒருவருக்குத் தொடையின் பின்தசை விறைத்துக்கொண்டு நிற்பது, நரம்பு மேலும் இழுபடாமல் காக்க உடல் தானே செய்துகொண்ட ஏற்பாடு. அவர் அதைத் தசையின் இறுக்கமென்று நினைத்து, தினந்தோறும் குனிந்து குனிந்து இழுக்கிறார்; குனியுந்தோறும் வட்டு பின்னுக்குத் தள்ளப்படுகிறது, நரம்பும் இழுபடுகிறது; மறுநாள் இறுக்கம் கூடுகிறது; கூடியதைக் கண்டு இன்னும் பலமாக இழுக்கிறார். அவர் முதுகின்மேல் கை வைத்து அழுத்தி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும் ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் அழுத்துகிறார். அழுத்துவதற்கு முன், "எங்கே இழுக்கிறது? பாதத்தில் ஏதாவது தெரிகிறதா?" என்ற கேள்வியை மட்டும் அவர் கேட்டிருந்தால், எத்தனையோ பேர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேர்ந்திராது.

இழுப்பினால் மட்டுமன்றி அழுத்தத்தாலும் நரம்பு துன்புறும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், விரலால் தடவினால் உருண்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிக அருகில், பாதத்தை மேலே தூக்குகிற தசைகளுக்கான நரம்பு ஓடுகிறது. கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் மேற்பாதம் மரத்துப்போவது இதனால்தான். 1971-ஆம் ஆண்டில் ஜோசப் சூசிட் என்ற நரம்பு வைத்தியர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில், ஒரு கல்லூரி மாணவரின் கதையை வெளியிட்டார். உலக சமாதானத்துக்காக ஜபம் செய்கிறேன் என்று அந்த இளைஞர் நாள்தோறும் மணிக்கணக்கில் வஜ்ராசனத்தில் குதிகால்மேல் அமர்ந்திருந்தார். விரைவிலேயே அவருக்கு நடக்கவும் ஓடவும் மாடிப்படி ஏறவும் சிரமமாயிற்று. பாதத்தைத் தூக்க முடியாமல் அது தொங்கிப்போனது. குந்தியபடியே நாள் முழுவதும் பயிர் அறுக்கிற தொழிலாளருக்கும் இதே கதி நேர்வதை வைத்திய நூல்கள் கூறுகின்றன. வஜ்ராசனம் கெட்ட ஆசனம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. சாப்பிட்டபின் சில நிமிஷம் அமர்கிறவருக்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை. மரத்துப்போன பிறகும் எழாமல் உட்கார்ந்திருப்பதே தீங்கு. பத்மாசனத்துக்கும் இது பொருந்தும்.

கைகளில் எந்த விரல் மரக்கிறது என்பதே எந்த நரம்பு என்பதைச் சொல்லிவிடும். முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டுவிரல்வரை ஓடுகிறதே, அந்த நரம்பு முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் செல்வதால், கோமுகாசனத்தில் கையை முழுவதும் மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும்போது இழுபட்டு, சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரக்கின்றன. உள்ளங்கையைத் தரையில் ஊன்றி உடல் பாரம் முழுவதையும் மணிக்கட்டில் தாங்கும் நிலைகளில், மணிக்கட்டின் குறுகிய வழியில் நடு நரம்பு நெருக்குண்டு, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மதமதக்கின்றன. கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி நிற்கையில் கை முழுவதும் கனத்து மரத்தால், கழுத்தெலும்புக்கும் முதல் விலாவெலும்புக்கும் இடையில் நெருக்கடி இருக்கலாம்.

நரம்பு இழுபடாமலும் அழுந்தாமலும் மதமதப்பு வருகிற வழி ஒன்று உண்டு. பஸ்திரிகை, கபாலபாதி முதலிய மூச்சுப் பயிற்சிகளை அளவுமீறி வேகமாகச் செய்கிறவர்களுக்கு உதட்டைச் சுற்றியும் இரு கைவிரல்களிலும் ஒரே சமயத்தில் குறுகுறுப்பு உண்டாகும். மூச்சு மிகுதியாக வெளியேறுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, நரம்புகளைச் சாந்தமாக வைத்திருக்கும் கால்சியத்தின் அளவும் தற்காலிகமாகக் குறைந்துபோவதே காரணம். சக்தி ஏறுவதன் அடையாளமாக இதை எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு, அது தவறு. நிறுத்திவிட்டு மெதுவாக மூச்சு விட்டால் சில நிமிஷங்களில் அடங்கிவிடும்.

பயிற்சி செய்யாத நேரத்திலும் மதமதப்பு தங்கியிருந்தால், குற்றம் பயிற்சியினுடையதாக இல்லாமலும் இருக்கலாம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இரு பாதங்களிலும் ஒரே மாதிரியாக விரல் நுனியில் தொடங்கி மேலேறும் மரத்தலுக்கு அந்த நோயே முதற் காரணம். அவ்வாறு நொந்துபோன நரம்பு சிறிய அழுத்தத்தையும் தாங்காது. பால் கூட மிகக் குறைவாக உட்கொள்ளும் சைவ உணவுக்காரர்களும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களும், பி12 வைட்டமின் குறைவினால் இதே துன்பத்துக்கு ஆளாகலாம். ஓர் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும், சிகிச்சையும் எளிது. தோலில் ஒரு திட்டு நிறம் மங்கி, அங்கே தொட்டால் தெரியவில்லை என்றால், தொழுநோயை நினைவில் கொள்ள வேண்டும். முழங்கை நரம்பும் முழங்கால் நரம்பும் அந்நோய் விரும்பித் தாக்குகிற இடங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-இல் பணியேற்ற டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்வதில்லை, உணர்வற்றுப்போனமையால் அறியாமலே சுட்டும் வெட்டியும் கொள்கிற காயங்களாலேயே அழிகின்றன என்று எடுத்துக்காட்டி, முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து மீண்டும் உழைக்க வைத்தார். மருந்தால் முற்றிலும் குணமாகிற அந்த நோய்க்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே சிகிச்சை கிடைக்கிறது. மரத்த இடத்தை அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு அந்தப் பெருமகனின் வாழ்நாள் உழைப்பைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

காத்திருக்கக்கூடாத நிலைகளும் சில உண்டு. உட்காரும்போது தரையில் படிகிற பகுதியும் தொடைகளின் உட்புறமும் மரத்து, சிறுநீர் கழிப்பதிலோ அடக்குவதிலோ மாறுதல் தெரிந்தால், முதுகின் அடியிலுள்ள நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குகிறதென்று கருதி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முகம், கை, கால் ஆகியவற்றில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மரத்தால், அது மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். ஒரு நிமிஷமும் வீணாக்கக்கூடாது. கழுத்தைக் குனிக்கும்போதெல்லாம் முதுகுத்தண்டு வழியே மின்சாரம் இறங்குவது போலிருந்தால் தண்டுவடத்தையே பரிசோதிக்க வேண்டும். அதுவரை ஹலாசனமும் சர்வாங்காசனமும் கூடவே கூடாது. பாதமோ விரலோ பலம் குன்றினால் அதுவும் அவசரமே. நரம்பிழை அறுந்துபோனால் அது மீண்டும் வளர்வது நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். முழங்காலில் அறுந்த இழை பாதத்தை எட்ட ஓராண்டுக்கு மேலாகும்.

இவை எவையும் இன்றி, குறிப்பிட்ட ஆசனத்தில் மட்டும் மதமதப்பு வந்து, விட்டவுடன் ஓரிரு நிமிஷங்களில் போய்விடுகிறவர்கள் பயிற்சியைக் கைவிட வேண்டுவதில்லை. மதமதப்புத் தொடங்குகிற எல்லைக்குச் சற்று முன்னரே நின்றுவிட வேண்டும். முன்குனியும்போது முழங்காலை இலேசாக மடக்கிக்கொள்ளலாம். இடுப்புக்குக் கீழே மடித்த போர்வையை வைத்துக்கொண்டால் முதுகு கூனாமல் இடுப்பிலிருந்தே குனிய முடியும். தரையில் ஊன்றும் கையை முஷ்டியாக்கிக்கொண்டால் மணிக்கட்டு வளையாது. நரம்பை இழுக்காமல் வழுக்கச் செய்கிற பயிற்சியும் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் இத்துறையில் முன்னோடிகள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை மெதுவாக நீட்டும்போது தலையை நிமிர்த்தி மேலே பார்க்க வேண்டும். காலை மடக்கும்போது மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்த வேண்டும். ஒரு முனையில் இழுக்கும்போது மறுமுனையில் தளர்த்துவதால் நரம்பு நீளாமல் நகர்கிறது. எங்கும் நிறுத்தி வைக்காமல், வலியோ மதமதப்போ எழாத அளவில், காலுக்குப் பத்துத் தடவை செய்தால் போதும். இரண்டு மூன்று வாரங்கள் இப்படிச் செய்தும் மாறுதல் தெரியாதவர், எந்த ஆசனத்தில், எந்த விரலில், எவ்வளவு நேரம் மரக்கிறது, தலையை நிமிர்த்தினால் குறைகிறதா என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும். அவர் கேட்கப்போகிற கேள்விகளில் பாதிக்கு அதில் விடை இருக்கும்.